கொப்பியின் பின்பக்கம்

பதுளை பஸார் வீதியில் என் வாப்பா முப்பது வருடங்களுக்கு மேலாக ஒரு சிறிய புடவைக்கடை வைத்திருந்தார். பன்னிரண்டு வயதுவரை பாடசாலை விட்டதும் நான் அங்கேதான் போய் இருப்பேன். அதற்குப் பிறகு பெண்பிள்ளை கடையில் இருக்கலாகாது என்று உம்மா நிறுத்திவிட்டார். அந்த ஏழெட்டு வருடங்களில் நான் படித்த பெரிய புத்தகம் வாப்பாவின் கடன் கொப்பிதான். வாப்பா மௌத்தான பின் கடையைக் காலி செய்தபோது அதில் ஒன்றை மட்டும் நான் எடுத்து வைத்துக்கொண்டேன். 1970களின் முற்பகுதிக்குரியது அது.

கொப்பியின் முன்பக்கத்தில் ஆண்களின் பெயர்கள் இருக்கும். தோட்டத்தின் பெயர், லயத்தின் நம்பர், எடுத்த சாமான், விலை, தந்த காசு. தெல்பெத்தை, ஸ்பிரிங்வெளி, சார்னியா, கோணக்கலை, தெமோதரை என்று பதுளையைச் சுற்றியுள்ள தோட்டங்கள் எல்லாம் அதில் வரும். கொப்பியைத் தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கமிருந்து புரட்டினால் வேறொரு கணக்கு தொடங்கும். அதில் லய நம்பர் இல்லை. பெண்களின் பெயர்கள், பெயருக்கு எதிரே 'சாரம் 1' அல்லது 'சேட்டுத்துணி இரண்டரை யார்', பிறகு இரண்டு ரூபா, ஒரு ரூபா, ஐம்பது சதம் என்று சிறுகச் சிறுகத் தந்த காசு. அவ்வளவுதான்.

பின்பக்கத்தில் இருந்தவை அனைத்தும் மனைவியர் தங்கள் கணவன்மாருக்காக எடுத்தவை. ஒன்றிரண்டு, கல்யாணம் பேசி முடிக்காத பெண்கள் எடுத்தவையாகவும் இருக்கலாம். வாப்பா அதைக் கேட்கமாட்டார்.

இப்போது பெப்ரவரி மாதம் வந்தால் பதுளையிலும் கடைக்குக் கடை சிவப்பு இருதயம் தொங்குகிறது. கணவனுக்கு என்ன பரிசு கொடுக்கலாம், காதலனுக்கு எது பிடிக்கும் என்று பிள்ளைகள் கைத்தொலைபேசியில் தேடுகிறார்கள். இது நேற்று வந்த நாகரிகம், நம் பெண்களுக்கு இதெல்லாம் தெரியாது என்று பெரியவர்கள் சலித்துக்கொள்வதைக் கேட்கும்போது எனக்கு அந்தக் கொப்பிதான் ஞாபகத்துக்கு வருகிறது. தெரியாமல் இருந்ததில்லை. கணக்கு பின்பக்கத்தில் இருந்தது, அவ்வளவே. அது ஏன் பின்பக்கத்துக்குப் போனது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

ஊவாவின் மலைகளில் முதலில் கோப்பிதான் விளைந்தது. கோப்பிக்கு அறுவடைக் காலத்தில்தான் அதிகம் ஆள் வேண்டும். தென்னிந்தியாவிலிருந்து பெரும்பாலும் ஆண்கள் வந்தார்கள், பருவம் முடிந்ததும் திரும்பினார்கள். உழைப்பாளி ஊருக்குப் போகும்போது வீட்டுக்குக் கொண்டுபோவதுதான் அன்றைய பரிசு. கொடுப்பவன் ஆண், வாங்குபவள் பெண். 1869இல் கோப்பி இலையில் நோய் கண்டது. அடுத்த இருபது வருடங்களில் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. 1886இல் ஊவா தனி மாகாணமாகிப் பதுளை அதன் தலைநகரானது. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பக்கம் தோட்டங்களை வாங்கினார். தேயிலைக்கு வருடம் முழுவதும் கொழுந்து பறிக்கக் கை வேண்டும். அதனால் குடும்பம் குடும்பமாக ஆட்களைக் கொண்டுவந்து லயங்களில் குடியேற்றினார்கள். பெண்ணும் செக்ரோலில் பேர் விழும் தொழிலாளியானாள்.

அதாவது, கணவனும் மனைவியும் ஒரே மலையில் உழைத்து இருவரும் சம்பளம் பெறும் வாழ்க்கை இங்கே தேயிலையோடு வந்தது. நம் முஸ்லிம் வீடுகளிலும் சிங்களக் கிராமங்களிலும் பெண்ணின் கைக்கு மாதச் சம்பளம் என்ற ஒன்று வராத காலத்தில், ஊவாவின் தோட்டப் பெண் சம்பளக்காரியாக இருந்தாள். கணக்குப்படி பார்த்தால், கணவனுக்குத் தன் உழைப்பில் ஒரு பரிசு வாங்கும் வசதி முதலில் அவளுக்குத்தான் வாய்த்திருக்க வேண்டும்.

கணக்கு அப்படிப் போகவில்லை. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின் கீழ் 1929இல் நடைமுறைக்கு வந்த நாட்சம்பளம் உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். பெண்ணின் கை ஆணின் கையைவிடப் பதினொரு சதம் குறைவானது என்று சட்டமே எழுதி வைத்தது. இந்த வித்தியாசம் வடிவம் மாறி மாறி 1984 வரை நீடித்தது. அந்த வருடத்தில்தான் தோட்டத் தொழிலாளரில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் வந்தது.

குறைந்த அந்தச் சம்பளமும் அவள் கைக்கு வந்ததா என்றால், பல இடங்களில் அதுவும் இல்லை. சம்பள நாளில் பெண்கள் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருக்க, கணவனோ தகப்பனோ போய் அவர்கள் சம்பளத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும் வழக்கம் இருந்தது. தோட்டப் பெண்களின் நிலையை நெடுங்காலம் ஆராய்ந்த ரேச்சல் குரியன் இதனைப் பதிவு செய்திருக்கிறார். பின்னர் குமாரி ஜயவர்தனவோடு சேர்ந்து அவர் எழுதி 2015இல் வெளிவந்த நூல், தோட்டத்தின் ஆணாதிக்கத்தை இரண்டு நூற்றாண்டு வரலாறாகவே பேசுகிறது.

அப்படியானால் பின்பக்கக் கணக்குக்குக் காசு எங்கிருந்து வந்தது? வாப்பாவிடம் ஒருநாள் நான் கேட்டேன். "கைக்காசு மகள்" என்றார். ஞாயிறு, லீவு நாட்களில் கொழுந்து மிஞ்சிப்போனால் தோட்டத்தில் கைக்காசுக்குப் பறிக்கவிடுவார்கள். நிறுத்த இறாத்தலுக்கு உரிய காசு செக்ரோலில் சேராமல் கையிலேயே கிடைக்கும். அந்தச் சில்லறை மட்டும் பெண்ணுக்கு நேரே வரும். அரிசிக்கும் பிள்ளைக்கும் போக அதில் மிஞ்சியதுதான் 'சாரம் 1'. ஐம்பது சதமாக அது வந்து சேர ஐந்து மாதம் ஆகும். தீபாவளிக்குத் தோட்டம் தரும் முற்பணத்தில் கணவன் மனைவிக்குச் சேலை எடுப்பான், பிள்ளைகளுக்குச் சட்டை எடுப்பான். அது முன்பக்கம். அந்தச் சேலைக்கான முற்பணம் மாதாமாதம் சம்பளத்தில் வெட்டப்படும். வெட்டப்படும் சம்பளத்தில் அவளுடையதும் உண்டு. ஆக, தனக்கு வந்த பரிசுக்கு அவளும் சேர்ந்து காசு கட்டினாள். அவள் கொடுத்த பரிசுக்கு அவள் மட்டும் கட்டினாள்.

தோட்டம் தன் பங்குக்குக் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட ஒரு பொருளும் உண்டு, கம்பளி. ஊவாவின் குளிரில் ஆணும் பெண்ணும் தலையிலும் தோளிலும் போட்டுக்கொண்ட அந்த முரட்டுக் கம்பளியைத் துரைமார் தருமமாகக் கொடுக்கவில்லை. கணக்கில் எழுதிச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். கொடுப்பது போலக் காட்டிக் கடனாக எழுதுவது தோட்டத்தின் முறை. கடனாக எழுதி வாங்கி அன்பளிப்பாகக் கொடுத்தது பெண்களின் முறை.

இனி அந்தச் சாரத்தைப் பற்றி. நம்மவர்களுக்கு இதில் பங்கு உண்டு என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன்.

கண்டி இராச்சியக் காலத்தில் ஊவாவுக்கு உப்பும் துணியும் கருவாடும் கிழக்குக் கரையிலிருந்து தவளத்தில் ஏறின. தவளம் என்றால் பொதி மாட்டுக் கூட்டம். பாக்கும் மிளகும் அதே மாடுகளில் கீழே இறங்கின. அரசனின் மாட்டுப் போக்குவரத்துத் துறையான மடிகே பத்த பெரும்பாலும் முஸ்லிம்களைக் கொண்டே நடந்ததை லோர்னா தேவராஜா இலங்கை முஸ்லிம்கள் பற்றிய தமது 1994ஆம் ஆண்டு நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். 1817இல் ஆங்கிலேயர் வெல்லஸ்ஸை முஸ்லிம்களுக்கு ஹாஜி மரிக்கார் என்பவரை முஹாந்திரமாக நியமித்ததும் அந்தப் பெரும் கிளர்ச்சி மூண்டதற்கு ஒரு காரணமாயிற்று. மாடு போய்ப் பாதை வந்தது. 1924இல் பதுளைக்கு ரயிலும் வந்தது. ஆனால் ரயில் நிலையத்திலிருந்து லயத்துக்குத் துணி போனது முஸ்லிம் மூட்டை வியாபாரியின் தோளில்தான். வாப்பாவின் வாப்பா அப்படி மூட்டை சுமந்தவர். கடைக்கு வர நேரமும் அனுமதியும் இல்லாத பெண்ணுக்கு லயத்து வாசலில் விரிந்த மூட்டையே கடைவீதி.

அந்த மூட்டையில் மதிப்பான சரக்கு 'பளையகாட்' சாரம். இந்தப் பெயர் சென்னைக்கு வடக்கேயுள்ள பழவேற்காட்டின் பெயர். 1613இல் ஒல்லாந்தர் அங்கே ஜெல்டிரியா கோட்டையைக் கட்டி, 1690வரை சோழமண்டலக் கரையில் தங்கள் தலைமை நிலையமாக வைத்திருந்தார்கள். அந்தக் கரையின் கட்டம்போட்ட துணி கப்பலேறிக் கீழைக் கடல் முழுவதும் போயிற்று. மலாய் மக்கள் இன்றும் கட்டச் சாரத்தைப் பெலிக்காட் என்றே அழைக்கிறார்கள். சிங்களவருக்கும் அது பலயகாட். ஊர் தேய்ந்துபோய், ஊரின் பெயர் மட்டும் மூன்று மொழி ஆண்களின் இடுப்பில் தங்கிவிட்டது.

1970இலிருந்து 77வரை இறக்குமதி கட்டுப்பட்டிருந்த காலத்தில் பளையகாட் அருமையாயிற்று. அந்த இடத்தை மருதமுனை பிடித்தது. கிழக்கே அந்த முஸ்லிம் ஊரின் தறிகள் இரவு பகலாக ஓடிய காலம் அது. என்னிடமுள்ள கொப்பியில் 'சாரம் 1' என்பதற்குப் பக்கத்தில் வாப்பா சில இடங்களில் 'மரு' என்று எழுதியிருக்கிறார். மருதமுனை என்று அர்த்தம். 77இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. 2004 ஆழிப்பேரலை அந்தக் கரையை மேலும் நொறுக்கியது. ஆயினும் மருதமுனைச் சாரம் என்றால் இன்றும் ஒரு மதிப்பு இருக்கிறது.

ஒரு பெண் எப்படித் தெரிவு செய்தாள்? இதைக் கண்ணால் கண்டவள் நான். இரண்டு மூன்று பெண்கள் சேர்ந்து வருவார்கள். முதலில் பிள்ளைக்குத் துணி கேட்பார்கள். எல்லாம் முடிந்து போகிற மாதிரி எழுந்து, கடைசியில் ஒருத்தி, "நானா, அந்த மேல இருக்கிற சாரத்தக் கொஞ்சம் எறக்குங்க" என்பாள். வாப்பா மூன்றை இறக்கி விரிப்பார். "சாயம் போகுமா நானா?" என்று கேட்டுக்கொண்டே அவள் விரல் நுனியில் எச்சில் தொட்டுத் துணியில் தேய்த்துப் பார்ப்பாள். "போனா திருப்பிக் கொண்டு வாங்க தங்கச்சி" என்பார் வாப்பா. விலையை அவள் பிறகுதான் கேட்பாள். சேட்டுத்துணி என்றால் முந்தானை முடிச்சிலிருந்து ஒரு நூலை எடுப்பாள். அதில் இரண்டு முடிச்சு இருக்கும். ஒன்று தோள், ஒன்று நீளம். கணவன் தூங்கும்போது அளந்தது. அந்த நூலை வாப்பா தன் அடிக்கோலில் வைத்து அளப்பார். ஒருதடவைகூடச் சிரித்து நான் கண்டதில்லை. "பில்லு வேணாம் நானா" என்று சொல்லிவிட்டு அவள் போவாள். எந்தக் காசில் எடுத்தாள் என்ற பேச்சு வீட்டில் எழக்கூடாது. குடித்துவிட்டு அடிக்கிற கணவனுக்கும் அவர்கள் எடுத்தார்கள். இதை மறைத்து எழுதினால் வரலாறாகாது. அடி விழுந்த முகத்தோடு வந்து நல்ல கட்டமாகப் பார்த்துத் தெரிவு செய்தவளையும் நான் கண்டிருக்கிறேன். அது அன்பா, சமாதானமா, பயமா என்று கொப்பியில் எழுத இடமில்லை.

சாரத்தைவிடச் சிறியது கைலேஞ்சி. லேஞ்சி என்பது போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். சாரம் மனைவி கொடுப்பது, கைலேஞ்சி காதலி கொடுப்பது. வெள்ளைத் துணியில் மூலைக்கொரு எழுத்தைத் தைத்துக் கொடுப்பார்கள். லேஞ்சி கொடுத்தால் பிரிவு வரும் என்றும் அவர்களே சொல்வார்கள்.

பிரிவு லேஞ்சியால் வரவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்து, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கு வைத்தார்கள். ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பிராவில் இருந்த இரு குடும்பங்களில் ஒன்று இந்தியாவுக்கு எழுதிப் போட்டது, மற்றது இலங்கைக்கு எழுதிப் போட்டது. குடும்பத் தலைவன் எழுதிய பக்கம் பிள்ளைகள் போக வேண்டும். பிள்ளையின் மனம் எந்தப் பக்கம் என்று படிவத்தில் ஒரு கேள்வியும் இல்லை. பதுளையிலிருந்து பொல்காவலை வழியாகத் தலைமன்னார், அங்கிருந்து இராமேஸ்வரம் கப்பல். மலையக மக்கள் அந்த ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வைத்தார்கள். இறங்கியவர்களில் பலர் கூடலூரிலும் கோத்தகிரியிலும் மறுபடியும் தேயிலைக்கே போனார்கள்.

கப்பலுக்குப் போகும் குடும்பங்கள் கடைசியாகக் கடைக்கு வந்து கணக்கு முடிக்கும். முன்பக்கக் கணக்கைக் குடும்பத் தலைவன் முடிப்பான். ஒருநாள் அப்படிக் கணக்கு முடிந்து எல்லோரும் படியிறங்கிய பின், ஒரு பெண்பிள்ளை மட்டும் எதையோ மறந்துவிட்டவள்போல் ஓடிவந்து மூன்று ரூபாவை மேசையில் வைத்தாள். பதினேழு பதினெட்டு வயதிருக்கும். வாப்பா கொப்பியைத் திருப்பி அவள் பெயரை வெட்டினார். அவள் எடுத்தது சேட்டுத்துணி. அது யாருக்கு, அவனும் அதே கோச்சியில் ஏறினானா, தெமோதரைப் பக்கம் தங்கிவிட்டானா என்பது எனக்குத் தெரியாது. கொப்பியில் அந்தக் கோடு இன்றும் இருக்கிறது.

தோட்டத்துப் பெண்களைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேனே, எங்கள் வீடு எப்படி என்று வாசகர் கேட்கலாம். கேட்க வேண்டும்.

நம் கல்யாணங்களில் மாப்பிள்ளைக்குக் கொடுப்பதற்குக் குறைவில்லை. மஹர் மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்க வேண்டியது. நடைமுறையில் அது சிறு தொகையாகச் சுருங்க, எதிர்த்திசையில் கைக்கூலி பெருகியது. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் கைக்கூலிக்கு வரைவிலக்கணமே கொடுத்திருக்கிறது. மணப்பெண்ணின் உபயோகத்துக்கென்று பெண்வீட்டார் மாப்பிள்ளையிடம் கொடுப்பது அது. அதைத் திருப்பிக் கேட்டுக் காதியாரிடம் போகவும் சட்டம் வழி வைத்தது. மாப்பிள்ளைக்குக் கைக்கடிகாரம் கொடுத்தார்கள், உடுப்பு கொடுத்தார்கள், வீடும் கொடுத்தார்கள். இவற்றில் ஒன்றையாவது மணப்பெண் தெரிவு செய்தாளா? என் உம்மா செய்யவில்லை. புடவைக்கடைக்காரர் மனைவியான என் உம்மா, கணவனுக்கென்று ஒரு சாரத்தைத் தன் கையால் தொட்டு எடுத்ததில்லை. வாப்பாவின் சாரம் வாப்பாவின் கடையிலிருந்தே வந்தது.

1981 நோன்புப் பெருநாளுக்கு உம்மா ஒரு காரியம் செய்தார். எங்கள் வீட்டுக்குப் பால் கொண்டுவரும் தோட்டத்துப் பெண்ணிடம் காசைக் கொடுத்து, வேறு கடையில் ஒரு சாரம் எடுத்துவரச் சொன்னார். காசு, வீட்டில் தைத்துக் கொடுத்துச் சீட்டுக் கட்டிச் சேர்த்தது. கட்டம் பெரிதாக இருக்கக்கூடாது, பச்சை ஓடியிருக்க வேண்டும் என்று பலமுறை சொல்லி அனுப்பினார். பெருநாள் காலையில் வாப்பா குளித்து வந்தபோது கட்டிலில் அது இருந்தது. வாப்பா விரித்துப் பார்த்தார். மூலையில் பென்சிலால் இரண்டு எழுத்து. புடவைக்கடைகளில் வாங்கிய விலையை இப்படி இரகசிய எழுத்தில் குறித்து வைப்பார்கள், கடைக்குக் கடை எழுத்து வேறு. அது வீதியின் மறுகோடியில் இருந்த தமிழ் முதலாளி ஒருவரின் கடை எழுத்து. வாப்பாவின் நேர்ப் போட்டியாளர். வாப்பா ஒன்றும் பேசாமல் அதை உடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனார். ஊரே அறியப் போட்டிக் கடைச் சாரத்தில் தொழுதுவிட்டு வந்தார்.

1983 ஜூலையில் பதுளை எரிந்தது. தமிழர் கடைகளை வரிசையாகத் தேடித் தேடி எரித்தார்கள். அந்தக் கடையும் போயிற்று. முதலாளி குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போனவர் திரும்பவில்லை. எங்கள் கடை தப்பியது. அது எப்படித் தப்பியது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எரிய வேண்டிய பெயர் எங்கள் பலகையில் இல்லை. வாப்பா அந்தச் சாரத்தைக் கிழியும்வரை உடுத்தார். மூலையில் இருந்த எழுத்து எத்தனையோ சலவையில் போய்விட்டது. ஆனால் மடித்து வைக்கும்போது அந்த மூலையை அவர் விரலால் தடவிப் பார்ப்பதை உம்மாவும் நானும் கண்டிருக்கிறோம்.

பிறகு காலம் வேறு திசையில் போனது. 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகச் சட்டம் வந்தது. 1990களின் நடுவில் இலங்கையிலிருந்து வேலைக்குப் போனவர்களில் ஏறக்குறைய நால்வரில் மூவர் பெண்கள். தோட்டத்துப் பெண்களும் போனார்கள், நம் பெண்களும் போனார்கள். றியாத்திலிருந்தும் குவைத்திலிருந்தும் கணவனுக்கு வானொலிப்பெட்டி, கடிகாரம், சேட்டு, அத்தர் என்று பெட்டி பெட்டியாக வந்தன. பின்பக்கக் கணக்கு முன்பக்கத்துக்கு வந்த காலம் என்று இதைச் சொல்லலாம். ஆனால் இரண்டு வருடம் பிள்ளை முகம் காணாமல் சம்பாதித்த பரிசு அது. விலையில் எது கூடியது என்று நான் சொல்லமாட்டேன்.

தோட்டத்தில் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் உயர்ந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தொகை. 54க்கும் 43க்கும் இடையிலிருந்த பதினொரு சதத்தை எடுத்துவிட ஐம்பத்தைந்து வருடம் ஆனது என்பதை மட்டும் நாம் மறக்கக்கூடாது.

சென்ற வருடம் பதுளைக்குப் போயிருந்தேன். எங்கள் கடை இருந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசி விற்கிறார்கள். அடுத்த கடையில் ஆயத்த உடுப்பு. பசறைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தோட்டத்துப் பெண்பிள்ளை ஆண்களின் சேட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூட வந்த தோழி சிரித்துக்கொண்டிருந்தாள். கடைப் பையன், "என்ன சைஸ் அக்கா?" என்றான். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. கொஞ்சம் வெட்கப்பட்டு, இரண்டு கைகளையும் விரித்து, காற்றில் ஒரு தோளின் அகலத்தைக் காட்டினாள். பிறகு காசை எண்ணிக் கொடுத்தாள். பையன் பில்லை நீட்டினான். அவள் அதை வாங்கி மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.